பாட்டு தெரியும்... எழுதினவர் தெரியுமா? ‘வள்ளி திருமணம்’ தந்த சங்கரதாஸ் சுவாமிகளின் கதை

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஊர் நெருங்க நெருங்க கல்வராயன் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அடிவாரத்தில் கோமுகி அணை. மேலே மலைக்கிராமங்களில் சாமையும் தினையும் விதைக்கிற வழக்கம் காலங்காலமாக இருக்கிறது. கதிர் முற்றினால் கிளியும் குருவியும் கூட்டமாக இறங்கிவிடும். அப்போது யாராவது காவலுக்கு உட்கார்ந்தே ஆகணும்.

தினைக்காட்டுக் காவல் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வள்ளிதான். பரண் மேல் நின்று கவண்கல் வீசும் பெண். மான் தேடுவது போல வேடன் வேஷத்தில் வரும் முருகன். அப்புறம் விடிய விடிய நடக்கிற வாக்குவாதம். கோயில் திருவிழா மேடையில் பார்த்திருப்போம், மைக் செட்டில் பாட்டாகக் கேட்டிருப்போம், பழைய படத்தில் பார்த்திருப்போம்.

கந்தபுராணத்திலேயே வள்ளி கதை இருக்கிறது. ஆனால் இன்று நம் காதில் நிற்கும் வள்ளி புராணத்தில் இருந்து நேராக வரவில்லை. சுமார் 100 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மேடைக்காக எழுதிய பாட்டுகள் வழியாக வந்தவள். அவர் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள்.

பெயரைக் கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? 2019 நடிகர் சங்கத் தேர்தலில் பாக்யராஜ் தலைமையில் போட்டியிட்ட அணிக்கு வைத்த பெயர் சுவாமி சங்கரதாஸ் அணி. அப்போது எல்லா டிவியிலும் தினமும் இந்தப் பெயர் ஓடியது. அந்த மனிதர் என்ன செய்தார் என்பது மட்டும் பெரிதாகப் பேசப்படவில்லை.

உப்பு ஆபீஸ் கணக்கர்

1867 செப்டம்பர் 7. தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். அப்பா தாமோதரக் கணக்கப்பிள்ளை, அம்மா பேச்சியம்மாள். பிள்ளைக்கு வைத்த பெயர் சங்கரன். ராமாயணத்தில் நல்ல புலமை உள்ளவர் அப்பா. முதல் வாத்தியாரும் அவரேதான். அதற்குப் பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய் தமிழ் இலக்கணமும் யாப்பும் படித்தார். வெண்பா, விருத்தம், சந்தம் எல்லாம் கை வந்தது அங்கேதான்.

அங்கே கூடப் படித்தவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். பிற்காலத்தில் சினிமாவில் பாட்டெழுதிக் கொடி கட்டிய உடுமலை நாராயணகவி இந்தக் கவிராயரின் மாணவர். பழனியில் நடந்த ஒரு யாப்பு வகுப்பின் நூல் ஒரு பக்கம் மேடைக்கும் இன்னொரு பக்கம் சினிமாவுக்கும் போயிருக்கிறது!

படிப்பு முடிந்தது. வயிற்றுக்கு வேலை வேண்டுமே. தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை. சம்பளம் வருகிற, ஊரில் மரியாதை உள்ள வேலை. 24 வயதில் அதை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். வருஷம் 1891.

அந்தக் காலத்தில் கூத்தாடி என்றால் ஏச்சு. பெண் கொடுக்க மாட்டார்கள், வாடகைக்கு வீடு தர யோசிப்பார்கள். படித்த கணக்கர் ஒருவர் அந்தப் பக்கம் போவது சாதாரண முடிவு இல்லை. அதே 1891ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்குகிறார். அது வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மாலை நேரத்தில் நடித்த சபை. சங்கரதாஸ் போய்ச் சேர்ந்தது ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, அன்றைய வசூலில் அன்று சாப்பிடுகிற கம்பெனி.

பயமுறுத்திய சனீஸ்வரன்

ராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோர் நடத்திய கம்பெனியில் அவர் நடிகர். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் என்று கேட்டாலே நடுங்க வைக்கும் வேஷங்கள்தான் அவருக்கு. கனத்த உடம்பு, கனத்த குரல்.

அவரை மேடையில் இருந்து இறக்கிய கதை ஒன்று உண்டு. நளன் நாடகம் முடிந்து, விடியும் முன் சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போயிருக்கிறார். துணி வெளுக்க வந்த ஒரு பெண் இருட்டில் அந்தக் கரிய உருவத்தைப் பார்த்து, அதிர்ச்சியில் அங்கேயே உயிரை விட்டாள் என்று சொல்வார்கள். இன்னொரு ஊரில் எமன் வேஷத்தைப் பார்த்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாகவும் சொல்வதுண்டு. அவருடைய மாணவர் அவ்வை டி.கே.சண்முகம் பதிவு செய்துவைத்த சம்பவங்கள் இவை. இப்படி நடந்தபிறகு வேஷம் கட்டுவதை அவர் நிறுத்திவிட்டார்.

நிறுத்தியதோடு விடவில்லை. துறவு பூண்டு, கோயில் கோயிலாகத் தீர்த்த யாத்திரை போனார். சங்கரன் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது அப்படித்தான். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடிகராகவே இருந்திருந்தால் நல்ல எமன் ஒருவர் இருந்தார் என்ற அளவில் கதை முடிந்திருக்கும்.

புதுக்கோட்டையில் கிடைத்த தாளம்

யாத்திரையில் இருந்தவரைப் புதுக்கோட்டையில் தன் வீட்டோடு வைத்துக்கொண்டவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய லய மேதை. சுவாமிகளைத் தத்துப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டு, தாளக் கணக்குகளைச் சொல்லிக் கொடுத்தார். மறுபடி நாடகத்துக்குப் போகச் சொல்லி ஊக்கம் கொடுத்தவரும் அவர்தான்.

இது ஏன் முக்கியம்? யாப்பு தெரிந்த புலவர்கள் அன்றைக்கு நிறைய பேர் இருந்தார்கள். அவர்கள் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், பாட வராது. பாடத் தெரிந்தவர்களுக்கு எழுத வராது. மேடைப் பாட்டுக்கு இரண்டும் வேண்டும். அதோடு, ஆடிக்கொண்டே பாடுகிறவனுக்கு மூச்சு எங்கே நிற்கும் என்ற கணக்கும் வேண்டும். பழனியில் சொல், கம்பெனியில் நடிப்பு, புதுக்கோட்டையில் தாளம். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அப்போதுதான்.

மறுபடி வந்தவர் ஆசிரியராகத்தான் வந்தார். வள்ளி வைத்தியநாதையர் கம்பெனி, அல்லி பரமேசுவரய்யர் கம்பெனி, பி.எஸ்.வேலு நாயரின் சண்முகானந்த சபை என்று பல குழுக்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கம்பெனி முதலாளிகளின் பெயர்களைக் கவனியுங்கள். வள்ளியும் அல்லியும் அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த வேஷம் புகழ் தந்ததோ அதுவே இனிஷியல் மாதிரி ஆகிவிட்டது.

அப்படி என்ன மாற்றினார்?

அதற்கு முன் கம்பெனி நாடகத்தில் கதை மட்டும்தான் பொது. வசனம் அவரவர் வாய்க்கு வந்தது. எதிரில் நிற்பவரை மடக்கக் கொச்சையாகப் பேசுவது, கதைக்குச் சம்பந்தமே இல்லாத பாட்டை நடுவில் சொருகுவது, கைத்தட்டல் கிடைத்தால் அதையே இழுப்பது எல்லாம் நடந்தது.

சுவாமிகள் முழு நாடகத்தையும் எழுதினார். யார் எப்போது நுழைய வேண்டும், என்ன பாட வேண்டும், பதிலுக்கு எதிராள் என்ன பாட வேண்டும், நடுவில் என்ன பேச வேண்டும் எல்லாம் ஏட்டில் வந்தது. வசனத்திலேயே திருக்குறளும் நாலடியாரும் கலந்து வரும்.

கதைகளுக்கு அவர் வெகுதூரம் போகவில்லை. வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், லவகுசா, பிரகலாதன். எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பெரிய எழுத்துப் புத்தகத்தில் வாசித்த, பாட்டி சொல்லிக் கேட்ட கதைகள்தான். கூத்தாண்டவர் என்று அரவானைக் கும்பிடும் கூவாகம் இருக்கிற மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இங்கே பாரதம் கோயில் திடலில் நடக்கிற விஷயம்.

நம் பக்கத்துத் தெருக்கூத்துக்கும் இவர் நாடகத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கூத்தில் கட்டையும் கிரீடமும் கட்டி, நடுத்தெருவில் ஆடணும். சுவாமிகளின் நாடகம் சீன் படுதா கட்டிய மேடையில், ஒரு பக்கம் ஆர்மோனியம், மிருதங்கத்தோடு நடக்கும். பாட்டின் மெட்டுகளும் பல இடத்துச் சரக்கு. கர்நாடக ராகம் இருக்கும், காவடிச் சிந்தும் கும்மியும் இருக்கும், பம்பாயில் இருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளின் துள்ளல் மெட்டும் இருக்கும். எந்த மெட்டாக இருந்தாலும் மேலே உட்கார்ந்த சொல் சுத்தத் தமிழ் இலக்கணத்தில் இருக்கும்.

பாட்டு ரொம்ப அதிகம் என்ற புகார் அன்றே இருந்தது. அதில் நியாயமும் உண்டு. மயானத்தில் பிள்ளையைக் கிடத்தி வைத்துவிட்டு சந்திரமதி பத்து நிமிஷம் பாடுவதை இன்றைய ரசிகர் பொறுமையாகப் பார்ப்பாரா தெரியாது. பம்மல் சம்பந்த முதலியார் பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டியது அதனால்தான். ஆனால் மைக் இல்லாத காலம் அது. ஆயிரம் பேர் உட்கார்ந்த கொட்டகையில் வசனம் முன் வரிசையோடு நின்றுவிடும். உச்ச ஸ்தாயியில் எடுத்த பாட்டுதான் கடைசித் தரை டிக்கெட் வரை போகும். அவ்வளவு ஏன், எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்கு நாடகத்தில் இருந்து வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்த ஒரே பொருள் பாட்டுதான்.

பையன்கள் கம்பெனி

பெரிய நடிகர்கள் ஏட்டில் உள்ளதைச் சொல்ல மறுத்தார்கள். நேரத்துக்கு வருவதில்லை. அடுத்த கம்பெனி கூடுதல் பணம் கொடுத்தால் பாதியில் போய்விடுவார்கள். சுவாமிகள் கண்ட வழி, சிறு பையன்களை வைத்தே கம்பெனி நடத்துவது.

1910ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ்.ஜி.கிட்டப்பா, மாரியப்ப சுவாமிகள் போன்ற பாட்டுக்காரர்கள் அவரிடம் பழகியவர்கள். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஆரம்பமானது. சுவாமிகள்தான் அதன் ஆசிரியர். அதில் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவனுக்கு வயது ஆறு. அவன்தான் பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பெயர் வாங்கிய டி.கே.சண்முகம். அண்ணன்கள் சங்கரன், முத்துசாமியும் கூடவே சேர்ந்தார்கள்.

அதிகாலையில் எழுந்து சாதகம், பிறகு பாடம், மத்தியானம் ஒத்திகை, ராத்திரி நாடகம். குருகுலம் மாதிரி என்று பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மை. அம்மா அப்பாவை விட்டு வந்த சின்னப் பிள்ளைகள் தூக்கத்தைத் தொலைத்து உழைத்தார்கள் என்பதும் உண்மை. பிற்காலத்தில் இதே மாதிரி பையன்கள் கம்பெனிகளில் இருந்துதான் எம்.ஜி.ஆரும், சிவாஜி கணேசனும், எம்.ஆர்.ராதாவும் வந்தார்கள். பசியைப் பற்றி அவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது.

சண்முகத்துக்காகவே சுவாமிகள் எழுதியது அபிமன்யு சுந்தரி. பையன் அபிமன்யு வேஷத்துக்குச் சரியாக இருப்பான் என்று தோன்றியதும், ஒரு ராத்திரி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடிவதற்குள் நாடகம் முடிந்துவிட்டது. நாலு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம், நூற்றுக்கும் மேல் பாட்டுகள், அடித்தல் திருத்தல் இல்லை என்று சண்முகம் பதிவு செய்திருக்கிறார். மாணவரின் பக்தி கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். பாதி உண்மையானாலும் பிரமிக்க வைக்கிற வேகம்.

பேச்சு நின்ற கடைசி நாட்கள்

1921ல் கம்பெனி சென்னையில் முகாம் போட்டிருந்தது. அங்கே சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியது. வாய் திறந்து பேச முடியாமல் போனது.

எத்தனையோ பேரின் தொண்டைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். பையன் ஒரு எழுத்தைத் தப்பாக உச்சரித்தால் நாடகத்தையே நிறுத்திவிடக்கூடிய ஆசிரியர். இனி தப்பைக் கேட்கலாம், திருத்த முடியாது. கம்பெனி அவரை விடவில்லை. ஊர் ஊராகக் கூடவே அழைத்துப் போனார்கள். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பிள்ளைகள் அவர் பாட்டைப் பாடினார்கள்.

அப்படிப் போன இடம் பாண்டிச்சேரி. அன்றைக்கு பிரெஞ்சு ஆட்சி. கச்சிராயபாளையம் இருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தைத் தாண்டியதும் வேறு நாடு மாதிரி. அங்கேதான் 1922 நவம்பர் 13 அன்று சுவாமிகள் காலமானார். வயது 55. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள்.

சொத்து என்று எதுவும் வைக்கவில்லை. எழுதிய நாடகங்கள் எத்தனை என்பதிலேயே கணக்கு ஒத்துப்போகாது. 40 என்பார்கள் சிலர், 68 என்பார்கள் சிலர். கையெழுத்துப் பிரதி ஒரு கம்பெனியில், அதன் நகல் இன்னொரு கம்பெனியில், மீதி நடிகர்களின் ஞாபகத்தில் என்று சிதறிக் கிடந்தன. பல நாடகங்கள் பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

அப்புறம் பாட்டு எப்படிப் பிழைத்தது?

பத்து வருஷம் பொறுத்திருந்தால் அவரே பார்த்திருப்பார். 1920களின் பிற்பாதியில் தமிழ் நாடக மேடையை ஆண்டது ஒரு ஜோடி. செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும். 1926 வாக்கில் இலங்கையில் சேர்ந்து நடிக்கத் தொடங்கி, 1927ல் கல்யாணமும் செய்துகொண்டார்கள். கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி என்றால் ரயில் ஏறி வந்து பார்த்த கூட்டம் உண்டு.

வேடன் மானைத் தேடி வந்து வள்ளியிடம் பாடுகிற காயாத கானகத்தே பாட்டு கிட்டப்பா குரலில் கிராமபோன் இசைத்தட்டாக வந்தது. மான் என்று கேட்பது மானை இல்லை, எதிரே நிற்கிற பெண்ணைத்தான் என்று கேட்பவருக்குப் புரியும், வள்ளிக்கும் புரியும், ஆனால் இரண்டு பேரும் மானைப் பற்றியே பேசுவார்கள். அந்த இரட்டை அர்த்தத்தில்தான் பாட்டின் உயிர். இசைத்தட்டு போன இடமெல்லாம் அது கிட்டப்பா பாட்டு ஆனது. எழுதியவர் பெயர் மெல்ல உதிர்ந்தது.

கிட்டப்பாவும் ரொம்ப நாள் இல்லை. 1933 டிசம்பர் 2ல், 27 வயதில் இறந்துபோனார். அதன் பிறகு சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை தவிர வேறு உடுத்தவில்லை. 1945ல் ஏவிஎம் எடுத்த ஸ்ரீவள்ளி படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் அதே பாட்டைப் பாடினார். பாட்டு இப்போது மகாலிங்கம் பாட்டு. 2017ல் வந்த மேயாத மான் படத்தின் தலைப்பிலும் அந்தப் பாட்டில் வருகிற சொற்கள்தான். படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வள்ளி திருமணத்துக்கு இன்னொரு வாழ்க்கையும் கிடைத்தது. பறவை விரட்டுகிற இடத்தில் வெள்ளைக் கொக்கை விரட்டுவதாக மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை, நடிகர் விஸ்வநாத தாஸ் வெள்ளைக்காரனை விரட்டுவதாகவே பாடினார். போலீஸ் கொட்டகையிலேயே காத்திருக்கும். பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடும்போதே அவர் உயிர் பிரிந்தது. சுவாமிகள் போட்ட மேடைக் கட்டு அந்தப் பாட்டையும் தாங்குகிற அளவுக்குப் பலமாக இருந்தது.

இதெல்லாம் நட்சத்திரங்கள் கதை. பாட்டைத் தினசரி உயிரோடு வைத்திருப்பது வேறு ஆட்கள். ஸ்பெஷல் நாடகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் பக்கங்களில் இன்றும் நடக்கிறது. இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரில் இருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரில் இருந்து, பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னும் வேறு ஊரில் இருந்து. முன்பின் சேர்ந்து நடித்திராதவர்கள் கூட அன்று சாயங்காலம் மேக்கப் ரூமில்தான் முதலில் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறினால் விடியும்வரை பிசிறில்லாமல் நாடகம் போகும்.

எப்படி முடிகிறது? எல்லோருக்கும் தெரிந்த பாடம் ஒன்றே. வேலன் எந்தப் பாட்டை எடுத்தால் வள்ளி எந்தப் பாட்டில் பதில் சொல்லணும் என்பது 100 வருஷம் முன்பே சுவாமிகள் முடிவு செய்துவிட்டது. நடுவில் தர்க்கத்தில் அன்றைய அரசியலைச் சேர்ப்பார்கள், பபூன் சினிமாப் பாட்டு பாடுவார், கொச்சையும் எட்டிப் பார்க்கும். சுவாமிகள் விரட்டிய அதே கொச்சைதான். ஆனாலும் வேடன் மானைக் கேட்கிற இடம் வந்துவிட்டால் எல்லோரும் அவர் பாதைக்குத் திரும்பித்தான் ஆகணும். யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் என்ற பெயரில் நடப்பதும் இதே வழியில் போன சரக்குதான்.

மதுரையில் தமுக்கம் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. சென்னை நடிகர் சங்கத்தின் கலையரங்கத்துக்கு அவர் பெயர் வைத்திருந்தார்கள். நினைவிடம் இருப்பது புதுச்சேரி கருவடிக்குப்பத்தில். பாரதியார் குயில் பாட்டு எழுதியதாகச் சொல்கிற குயில் தோப்பும் அதே பகுதிதான். கச்சிராயபாளையத்துக்காரர்கள் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகப் பஸ் மாறிப் போனால் காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

நினைவு நாளான நவம்பர் 13ஐ ஒட்டி நாடகக் கலைஞர்கள் அங்கே வந்து மாலை போடுவார்கள். பேச்சு அதிகம் இருக்காது. ஆர்மோனியத்தை இறக்கி வைத்து, சுருதி சேர்த்து, ஆளுக்கு ஒரு பாட்டாகப் பாடிவிட்டு, அன்று ராத்திரி நாடகம் உள்ளவர்கள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.